விலகிக்கொள்ள இங்கே அழுத்தவும்

படித்த வித்தையை மாமியார் வீட்டில் காட்டக்கூடாது. பலித்தால், "இதுக்குத்தானே படிச்சாரு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பலிக்காவிட்டால் பேரன் பேத்தி எடுக்கும் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். நான் இரண்டாவது ரகம்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். மனைவி ஜெசிந்தா கொடைக்கானல்காரி. அவளுடைய அம்மா, அதாவது என் அத்தை, ஒரு பள்ளிக்கூட விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டு மாடியில் நான்கு அறைகள் எடுத்து, சுற்றுலா வருகிறவர்களுக்குச் சமைத்துப் போட்டுத் தங்கவைக்க வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஆசை. அவருடைய அண்ணன் அதற்கு ஒப்பவில்லை. ஜெசியின் தாய்மாமாவான அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மேல்மலைக் கிராமமான கவுஞ்சியில் கேரட்டும் பூண்டும் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"தனியா கெடந்து எதுக்கு இந்தச் சோலி? வீட்டக் குத்தகைக்கு விட்டுட்டு என்கூட வந்து இரு" என்றார். அத்தை அழுது, சண்டை போட்டு, கடைசியில் ஒரே ஒரு சீசன் அவகாசம் வாங்கினார். மே மாதம் அறைகள் நிறையவில்லை என்றால் வீடு கைமாறும், அத்தை கவுஞ்சிக்குப் போவார். இதுதான் ஒப்பந்தம்.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன்.

"கவலைய விடுங்க அத்தை. மெயில்ல விளம்பரம் பண்றதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு."

(மதுரையில் ஒரு விளம்பர அலுவலகத்தில் ஒன்றரை வருஷம் இருந்தேன் என்பது உண்மை. மெயில் அனுப்பியவன் பக்கத்து நாற்காலிக்காரன். நான் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.)

வீட்டின் பெயரில், மெயில் அனுப்புவதற்கென்று புத்தம்புது டொமைன், அதாவது இணைய முகவரி, ஒன்று வாங்கினேன். எங்கள் கல்யாணத்துக்கு அழைப்பு அனுப்பிய முகவரிகள், கல்லூரி நண்பர்கள், எங்கெங்கோ வாங்கி வைத்த விசிட்டிங் கார்டுகள் என்று ஒரு பட்டியல் சேர்ந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம். "அன்புள்ள வாடிக்கையாளரே, மேகத்தோடு தூங்க வாருங்கள்" என்று உருகி உருகி எழுதி, ஏப்ரல் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மொத்தப் பேருக்கும் ஒரே தட்டில் அனுப்பினேன். பிறகு காலை ஆட்டிக்கொண்டு காபி குடித்தேன்.

ஒருவரும் வரவில்லை. பாதி முகவரிகள் எப்போதோ செத்துப்போனவை என்று திரும்பி வந்தன. மீதியில் எத்தனை ஸ்பாம் என்கிற குப்பைப் பெட்டியில் விழுந்தன என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தெரியாது.

பத்து நாள் கழித்து ஜெசியின் தோழி சொல்லி, திருநெல்வேலியிலிருந்து ஒரு குடும்பம் போனில் கேட்டது. பதினான்கு பேர், நான்கு அறையும் வேண்டும். "உறுதி பண்ணி ஒரு மெயில் போடுங்க, அதப் பாத்துட்டுக் கெளம்புறோம்" என்றார்கள். அதே டொமைனிலிருந்து போட்டேன். அத்தை வெள்ளனே எழுந்து ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து, ஜெபமும் பண்ணிவிட்டு, நல்ல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வாசல் கேட்டில் நின்றார். பதினொரு மணிக்கும் நின்றார். இரண்டு மணிக்கும் நின்றார்.

நான் போன் பண்ணினேன். "மெயிலே வரலியே சார். ஏமாத்து வேலையோன்னு பயந்து, ஏரிப் பக்கம் வேற லாட்ஜ் எடுத்துட்டோம்" என்றார் அந்த மனிதர். என் மெயில் அவருடைய ஸ்பாமில் கிடந்தது. அத்தை கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நாங்கள் மூன்று பேரும் மூன்று நாள் கறிக்குழம்பு சாப்பிட்டோம்.

மதுரை நாற்காலிக்காரனைக் கூப்பிட்டேன். அவன் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"புது டொமைன்ல ஒரே நாள்ல ரெண்டாயிரமாடா? ஊருக்குப் புதுசா வந்தவன் மொத நாளே மைக்கப் பிடிச்சா எவன் நம்புவான்? மொதல்ல தெரிஞ்சவங்க பத்துப் பேருக்கு அனுப்பணும். அவங்க தொறந்து பாக்கணும், பதில் போடணும். அப்புறம் இருபது, அம்பதுன்னு கொஞ்சங் கொஞ்சமாத்தான் கூட்டணும். அது போக, ஒன் மெயில யாரோ கும்பலா ஸ்பாம்னு அமுக்கியிருக்காங்க. ஒனக்கு எதிரி யாருடா?"

எனக்கு எதிரியா? நான் இருக்கிற இடம் தெரியாத ஆள். குழம்பிப்போய் ஜெசியிடம் சொன்னேன்.

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதாங்க சொல்லல" என்று தன் போனை நீட்டினாள். நான் இல்லாத குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா எழுதியிருந்தார்: 'மாப்பிள்ளை அனுப்பிய கடிதத்தைக் குப்பை என்று குறித்துவிட்டேன். மானம் உள்ளவர்கள் அவ்வாறே செய்யவும்.' கீழே இருபத்திமூன்று கட்டைவிரல்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அத்தையும் நானும் ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு கவுஞ்சிக்குப் பஸ் ஏறினோம். எந்த அண்ணனிடம் சண்டை போட்டு அவகாசம் வாங்கினாரோ, அந்த அண்ணன் வாசலுக்கே என்னால் அத்தை போக வேண்டி வந்ததை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. மாமா கேரட் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வாங்க. வாடிக்கையாளர் வீட்டுக்கு வந்திருக்கீங்க. என்ன வேணும்?"

"தப்பாயிருச்சு மாமா."

"ஒங்க கல்யாணத்துக்குப் பொண்ணுக்குப் பட்டு எடுத்தவன் நான். நான் வாடிக்கையாளரு. சரி, போகட்டும். கடைசியில என்ன போட்டிருந்தீங்க? 'எங்களிடமிருந்து விலகிக்கொள்ள இங்கே அழுத்தவும்.' ஏன் மாப்ள, ஒறவ முறிச்சுக்கிறதுக்கு ஒரு பட்டனா? கல்யாணமாகி வருஷம் திரும்பல."

அது எல்லா விளம்பர மெயிலிலும் இருக்கவேண்டிய வரி என்று விளக்கப் போனேன். அத்தை என் காலை மிதித்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, "அவரு மேல கோவம்னா அவரத் திட்டுண்ணே. நான் கேட்டுல நின்னேன், ஒருத்தரும் வரல" என்றார். மாமா கேரட்டைக் கீழே வைத்தார்.

"எல்லாரு வீட்டுக்கும் நேர்ல போங்க, மாப்ள. எனக்குத் தனியா எழுதுங்க. பேரு சொல்லி எழுதுங்க. பதில் போடுறேன்."

போனேன். மூன்று நாள், இருபத்திமூன்று வீடு. ஒவ்வொரு வீட்டிலும் காபி குடித்து, மன்னிப்புக் கேட்டு, போனை வாங்கி, 'ஸ்பாம் இல்லை' என்பதை அழுத்தினேன். (கல்யாணப் பத்திரிகை வைக்கக்கூட இவ்வளவு அலையவில்லை. அதனால்தான் இப்போது அலைகிறீர்கள் என்றாள் ஜெசி.)

பிறகு தினமும் ஐந்து பேருக்கு, பெயர் போட்டு, முறை போட்டு எழுதினேன். சித்தி பூண்டு விலை கேட்டுப் பதில் போட்டார். ஒரு மச்சான் வேலைக்கு விண்ணப்பமே அனுப்பிவிட்டான். மாமாதான் அசரவைத்தார். எழுதிய ஒவ்வொரு மெயிலுக்கும் அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "கிடைத்தது. மலைக்கு வண்டியில் வர இ-பாஸ் எடுக்கச் சொல்லி எழுதவில்லையே? சனிக்கிழமை வருகிறவர்கள் விடியுமுன் மலையேறினால் நெரிசலில் மாட்டமாட்டார்கள். பத்துக்கு ஆறு மதிப்பெண்." ஒரு டொமைனுக்கு இதைவிட நல்ல பெயர் யாரும் வாங்கித் தர முடியாது என்றான் நாற்காலிக்காரன்.

அதன் பிறகு பட்டியலில் மீதி இருந்தவர்களுக்கும் பத்து, இருபது என்று கூட்டி அனுப்பினேன். மே மாதம் இரண்டாவது வாரம் நான்கு அறையும் நிறைந்தது. மாமா ஒரு மூட்டை கேரட்டோடு வந்து, மாடியில் ஏறி இறங்கி, கட்டிலை எல்லாம் ஆட்டிப் பார்த்தார். குத்தகை பற்றிப் பேசவில்லை. "கொழம்புல உப்புக் கம்மி" என்று மட்டும் தங்கச்சியிடம் சொன்னார். அத்தை அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

இன்றைக்கும் அந்த வீட்டிலிருந்து எந்த மெயில் போனாலும் முதலில் மாமாவுக்குத்தான் போகும். அவர் மதிப்பெண் போட்ட பிறகுதான் ஊருக்கு. எனக்கு மட்டும் அந்தக் குடும்பத்தில் பெயர் போய்விட்டது. பந்தியில், "வாடிக்கையாளருக்கு இன்னும் ரெண்டு துண்டு வைங்க" என்பார்கள். போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த விருந்தினர் ஒருவர், இவர் யார் என்று மாமாவிடம் என்னைக் காட்டிக் கேட்டார்.

மாமா என் தோளில் கை போட்டார். "நம்ம ஜெசி மாப்பிள்ள. விலகிக்கிறதுக்குப் பட்டன் இருக்கு. நாங்கதான் இன்னும் அமுக்கல."