ரிமோட்டால் என்னைச் சுட்டவர்

சென் ஜேம்ஸ் ரவுணில் உள்ள அத்தனை மாடிக் கட்டடங்களிலும் தேடினாலும், பிஸ்டல் என்கிறவரைப் போலத் தன்னையே நம்பாத ஒரு மனிசனைக் காணமுடியாது. வங்கிகளுக்குக் காசு கொண்டுபோகிற இரும்பு வான் வண்டியில் அவர் காவலாள். எங்கள் கட்டடத்துத் தமிழரில் இடுப்பில் கைத்துவக்குக் கட்டுகிறவர் அவர் ஒருவர்தான். அதனால் வந்த பெயர் பிஸ்டல். தனி ஆள். துவக்கை வேலையிடத்தில் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். பயம் மட்டும் கூடவே வரும்.

வருசத்துக்கு ஒரு தடவை கம்பனி அவருக்குச் சுடுகிற சோதனை வைக்கும். எப்போதும் முழுப் புள்ளிதான். ஒருநாள் லிஃப்ற்றில் என்னிடம் பொரிந்து தள்ளினார்.

"அன்ரி, நல்ல வெளிச்சம். காதுக்கு மூடி. முன்னாலை ஒரு கடதாசி மனிசன் அசையாமல் நிக்கிறான். விசில் அடிச்சாப் பிறகு சுடோணும். கள்ளன் விசில் அடிச்சுப்போட்டோ வாறவன்? நானே ஒரு சோதனை வைக்கப்போறன், நீங்கள் கள்ளனா வாறியளோ?"

எனக்கு லிஃப்ற்றில் பேசக் கூச்சம். பேசாமல் நின்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு காலை எங்கள் பதினோராம் மாடியில் அவருடைய சொந்தச் சோதனை தொடங்கியது. இரண்டு கையிலும் அரிசிப் பையோடு கீழேயிருந்து படியால் ஓடி வருவார். மூச்சு வாங்கி, கை நடுங்கி, கண்ணுக்குள் வியர்வை விழவேண்டும். அந்த நேரம் நான் கதவைத் திறந்து வெளியே பாயவேண்டும். அவர் அரிசியைப் போட்டுவிட்டு, இடுப்பில் செருகின பழைய ரீவி ரிமோட்டை உருவுவார். என் கையில் கத்தி இருந்தால் "டப்" என்று சுடவேண்டும். வேறு ஏதும் இருந்தால் சுடக்கூடாது.

நான் "காசை வை!" என்று கத்தவும் வேண்டுமாம். முதல் நாள் கத்தினேன்.

"அன்ரி, கோயில்லை நேத்திக்கடன் வைக்கிற மாதிரிக் கேக்குது. கொள்ளைக்காரன் எண்டு நினைச்சுக் கத்துங்கோ."

"தம்பி, எனக்கு அவ்வளவுதான் வரும்."

மூன்றாம் ஞாயிறு குரல் கொஞ்சம் வந்தது. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுச் சங்கிலி போட்டுப் பூட்டினாள். அடுத்தநாள் கட்டட மனேஜர் வந்து, பிஸ்டலை விட்டுவிட்டு என்னைத்தான் எச்சரித்தார்.

கத்திக்குப் பதில் கரண்டி, செல்போன், கண்ணாடிக்கூடு, ஒருநாள் பாவற்காய். ஒன்றுக்கும் அவர் ஏமாறவில்லை. மூன்று மாதம் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் முகம் தெளியவில்லை.

"சரியாத்தானே செய்யிறீர் தம்பி?"

"நீங்கள் வருவியள் எண்டு எனக்குத் தெரியும் அன்ரி. தெரிஞ்சால் உது சோதனையில்லை. ஒரு அப்பாவியைச் சுட்டுப்போட்டனெண்டால் பிறகு என்னத்தைச் செய்யிறது?"

கம்பனிச் சோதனைக்கு முந்தின ஞாயிறு எனக்குக் காய்ச்சல். வரமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அவர் தனியே ஓடினார். படியில் தடாரென்று ஒரு சத்தம். விழுந்துவிட்டார் என்று பதறி, குடித்துக்கொண்டிருந்த சில்வர் தம்ளரோடு ஓடிப்போய்ப் படிக்கதவைத் தள்ளினேன். முழங்காலில் கிடந்தவர் திரும்பினார்.

"டப்! டப்!"

இரண்டும் என் நெஞ்சுக்கு நேரே.

"என்ன அன்ரி கையிலை?"

"தண்ணி."

தம்ளரை நீட்டினேன், வாங்கவில்லை. அந்தப் படியில் அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, இந்த நாட்டில் ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னேன். ஊரில் என்னைக் கட்டின மனிசன் சைக்கிள் பம்போடு சந்தியைக் கடந்தார். துவக்கோடு நின்ற பொடியன் அதை வேறொன்று என்று நினைத்துவிட்டான். அவனும் எங்கேயோ ஒரு சோதனை பாஸ் பண்ணினவனாகத்தான் இருப்பான்.

சிந்திக்கிடந்த அரிசியை இரண்டு பேரும் பொறுக்கினோம்.

அந்தக் கிழமை கம்பனிச் சோதனை. முழுப் புள்ளி. அந்தத் தாளை மேசையில் வைத்து, அதற்குமேல் துவக்கையும் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

"பாஸ் பண்ணிப்போட்டு ஏன் வேலையை விடுறாய் எண்டு கம்பனிக்காரன் கேட்டான் அன்ரி. ஒரு மனிசியைச் சுட்டுப்போட்டன் எண்டன். அவன் பொலிசுக்கு அடிக்கப் போனை எடுத்திட்டான்."

இப்போது மிசிசாகாவில் ஒரு குளிர் அறையில் பாண் ரொட்டி அடுக்குகிறார். விரலெல்லாம் வெடித்துவிட்டது. கட்டடத்துச் சனம் பயந்தாங்கொள்ளி என்று சிரிக்கிறது.

என் மனிசனைச் சுட்டவன் அடுத்தநாளும் அதே சந்தியில் அதே துவக்கோடு நின்றான். நான் என் கண்ணால் கண்டேன். அதனால் எனக்குச் சிரிப்பு வராது. பின்னேரம் பிஸ்டல் பஸ்ஸால் இறங்குவதை ஜன்னலில் கண்ட பிறகுதான் உலை வைப்பேன். இரண்டு பேருக்கு அளந்துதான் வைப்பேன்.