வாத்தியாருக்கு எந்த மிஷின்?

வெல்டிங் மிஷினின் பிளக்கை மாட்டி வாத்தியார் சுவிட்சைத் தட்டினார். வீடு முழுக்க மின்சாரம் போய்விட்டது.

"அப்பா! புது ஆபீஸ்காரங்களோட பேசிட்டிருந்தேன், பாதியில கட்டாயிடுச்சு!" உள்ளேயிருந்து மகளின் குரல்.

"ஒண்ணுமில்லம்மா. மிஷின் மூச்சு விடுது."

"அது மூச்சு விட்டதுல வீட்டுக்கு மூச்சு நின்னு போச்சு."

கணக்கு வாத்தியார் ஓய்வு பெற்று மூன்று வருஷம். மனைவி கண்ணை மூடி இரண்டு வருஷம். இப்போது மகளுக்கு வேறு ஊரில் வேலை. பத்து நாளில் புறப்பாடு. அவளுடைய கட்டில், புத்தக அலமாரி, அம்மாவின் தையல் மிஷின் எல்லாம் கூடவே போக வேண்டும். லாரி வைத்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னதை வாத்தியாரால் பொறுக்க முடியவில்லை.

"உங்கம்மா மிஷினை முன்னபின்ன தெரியாதவன் லாரியில ஏத்தறதா? நானே டிரெய்லர் கட்டி, நம்ம கார்ல மாட்டிக் கொண்டு வந்து இறக்கறேன்."

"நீங்க வெல்டிங் பண்ணியிருக்கீங்களாப்பா?"

"முப்பது வருஷம் முக்கோணம் போட்டவனுக்கு நாலு இரும்புச் சட்டத்தை ஒட்டத் தெரியாதா?"

மகள் வாதம் பண்ணவில்லை. ஒரு கடையின் விலாசத்தை எழுதிக் கையில் கொடுத்தாள்.

வாத்தியார் வெறுங்கையோடா போவார்? நோட்டில் கட்டம் போட்டு, பதினோரு மிஷின்களுக்கு மார்க் போட்டு, ரேங்க் வாரியாக எழுதிக்கொண்டு போனார். கடைக்காரர் நோட்டைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார். பிறகு கடைசி ரேங்க் வாங்கிய மிஷினைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

"ராடு பிடிச்சு ஒட்டற மிஷின். உங்களுக்கு இதுதான் சார்."

"ஏன்?"

"உங்களுக்கு இதுதான்."

அத்தனை உறுதியாகச் சொல்கிறவரிடம் யார்தான் எதிர்த்துப் பேசுவது? வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், பழைய ஜீன்ஸ் துணியை மடித்து மடித்து மகள் ஒரு மேலங்கி தைத்து வைத்திருந்தாள். "பொறி படாம இருக்கும்பா." தோளும் இடுப்பும் அளவெடுத்தாற்போல் இருந்தன.

மின்சாரம் போனது அன்றைக்குத்தான். எலெக்ட்ரீஷியன் வந்து தடிமனான ஒயரில் தனி லைன் இழுத்துக் கொடுத்தார். விளக்கு அணைவது நின்றது, தொல்லை நிற்கவில்லை. ராடை வைத்தால் அது இரும்போடு உடும்பாய் ஒட்டிக்கொண்டது. இழுத்தால் சட்டமே கூட வந்தது. சூட்டைக் கூட்டினார், ஓட்டை விழுந்தது. ஓட்டையை அடைத்தார், அது இன்னும் பெரிதானது.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "வாத்தியாரே, ஓட்டையைச் சுத்தம் பண்ணிட்டுத்தான் அடைக்கணும். நீங்க அதோட சண்டைல்ல போடறீங்க!"

ஒருவழியாகச் சட்டம் நாலும் சேர்ந்தன. மூலைமட்டத்தை வைத்தார். தொண்ணூறு டிகிரி இருக்கவேண்டிய இடத்தில் எண்பத்தேழு. சூட்டில் இரும்பு இழுத்துக்கொண்டுவிட்டது.

"இந்த மூலைமட்டம் சரியில்லை."

"ஆமாமா. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்" என்றார் டாக்டர்.

பத்தில் ஒரு நாள்தான் பாக்கி. வீட்டிலேயே நேரான பொருள் எது என்று வாத்தியார் தேடினார். வாசல் கேட்! சட்டத்தை அதன் கம்பிகளோடு இறுக்கிக் கட்டிவிட்டு ஒட்டினால் எப்படி இழுக்கும், பார்த்துவிடலாம்.

அன்றைக்கென்று கை நடுங்கவே இல்லை. முகமூடியைத் தூக்கிப் பார்த்தால், மீன் செதிலை அடுக்கினாற்போல் அப்படி ஓர் ஒட்டு. வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டை அவிழ்த்துச் சட்டத்தைத் தூக்கினார்.

வரவில்லை. கேட்டைத் தள்ளினார். அதுவும் நகரவில்லை. சட்டம் கேட்டோடும், கேட் தூணோடும் ஒன்றாகிவிட்டிருந்தன. சுத்தியலால் அடித்துப் பார்த்தார். சுத்தியலின் பிடிதான் கழன்றது.

"வாத்தியாரே, இன்னைக்குத்தான் உறுதியா ஒட்டியிருக்கீங்க!" மதிலுக்கு மேலே டாக்டர்.

மகள் வந்து பார்த்தாள். "நாளைக்கு நான் எப்படிப்பா வெளிய போறது?"

அந்தக் கேள்வி அவர் நெஞ்சின் ஓர் ஓரத்தில் கொஞ்சம் இனித்தது. இனித்ததே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.

ஸ்டூல் போட்டு மதிலேறி, டாக்டர் வீட்டு வழியாக இறங்கி, மேலங்கியோடு நேரே கடைக்கு நடந்தார்.

"இரும்பு அறுக்க ஏதாவது குடுங்க. அப்படியே, மனுஷன் கத்துக்கற மாதிரி ஒரு மிஷினும் குடுங்க!"

கடைக்காரர் வேறொரு மிஷினை எடுத்து வைத்தார். "இதுல கம்பி தானா வரும் சார். விரலால அழுத்தினாப் போதும். ஒரே வாரத்துல கை வந்துடும்."

வாத்தியார் நோட்டைப் பிரித்தார். "முதல் ரேங்க்! அன்னைக்கே நோட்டைக் காட்டினேனே, ஏன்யா இதைக் குடுக்கல?"

கடைக்காரர் மிஷின்மேல் இருந்த தூசியைத் துடைத்தார்.

"நீங்க வர்றதுக்கு முந்தின நாள் உங்க பொண்ணு வந்தாங்க சார். 'லாரிக்குச் சொல்லியாச்சு, டிரெய்லருக்கு அவசரமில்ல. நான் போனப்புறம் அப்பா சும்மா உக்காந்துடக் கூடாது, கத்துக்க ரொம்ப நாள் ஆகற மிஷினாப் பார்த்துக் குடுங்க'ன்னாங்க."