மாமியார் வீட்டு மேடும் முன்சக்கரக் காரும்

தொப்பிக்கடை முதலாளி ஃபுல்ஜான்ஸ் லெகானு, ஞாயிற்றுக்கிழமை காலைக் காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வீர சபதம் செய்தார். இந்த ஜென்மத்தில் அவருடைய காரின் ஸ்டியரிங்கை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது!

சபதத்துக்குச் சாட்சி மனைவி லெயோகாதி ஒருத்திதான். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் ஆப்பிள் லாரியை நார்மண்டி மாகாணம் முழுக்க ஓட்டியவள். லைசென்ஸ் உள்ளவள். ஆனால் இந்தப் புதுக் கருப்புக் காரில் அவளுக்கு ஹாரனை அழுத்தக்கூட அனுமதி இல்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த வீட்டில் அவர் சொன்னபடி திரும்புகிற ஒரே பொருள் அந்த ஸ்டியரிங்தான்.

"ஏங்க, லாரியையே ஓட்டினவ நான். இதுல என்ன பெரிய அதிசயம்?"

"லாரியா! அது பின்னாலேர்ந்து தள்ற ஜாதி. இது முன்னாலேர்ந்து இழுக்கிற ஜாதி. இதோட சரித்திரம் தெரியுமா உனக்கு?"

"நேத்துதானே சொன்னீங்க."

"இன்னிக்கும் கேளு! இத்தனை வருஷமா ஊர்ல ஓடுற கார்ல எல்லாம் எஞ்சின் முன்னால, உந்துற சக்கரம் பின்னால. முன்சக்கரத்தை இழுக்க வைக்கணும்னு எத்தனையோ பேரு முட்டி மோதிப் பாத்தாங்க. இழுக்கிற சக்கரமே திரும்பவும் வேணுமே! மூட்டு மூட்டா ஒடிஞ்சுது. போன வருஷம், முப்பத்திநாலுல, நம்ம பாரிஸ்காரங்க சாதிச்சுட்டாங்க! அடியில தனி இரும்புச் சட்டம் இல்ல. ஏறப் படி இல்ல. தரையோட தரையா வழுக்கிட்டுப் போகுது. மேட்டுலேர்ந்து உருட்டிவிட்டாங்களாம், கீழ விழுந்தும் கதவு ஒழுங்கா திறந்துச்சாம்!"

"உள்ள யாரு இருந்தா?"

"யாருமே இல்ல!"

"அடடா, உங்களைக் கூப்பிடாம விட்டுட்டாங்களே."

ஃபுல்ஜான்ஸ் இதையெல்லாம் காதில் வாங்குகிற நிலையில் இல்லை. எழுந்தே நின்றுவிட்டார்.

"குதிரை வண்டியை முன்னால நின்னு இழுக்குதா, பின்னால நின்னு தள்ளுதா? சொல்லு!"

ரொட்டிக்கு வெண்ணெய் தடவிய லெயோகாதியின் கத்தி சட்டென்று நின்றது. "முன்னால நின்னு இழுக்குது."

"அதேதான் இதுவும்!"

"அச்சு அசல் குதிரைவண்டி மாதிரியா?"

"அச்சு அசல்!"

லெயோகாதியின் அப்பா லாரி வாங்குவதற்கு முன் ஊருக்கே குதிரைவண்டிக்காரர். அந்த உற்சாகத்தில் ஃபுல்ஜான்ஸுக்கு அது ஞாபகமே வரவில்லை.

"சரி, பந்தயம்," என்றாள். "இன்னிக்கு அம்மா வீட்டுக்குத்தானே போறோம். கோயில் மேட்டை உங்க கார் ஏறிட்டா, ஸ்டியரிங் பேச்சையே எடுக்கமாட்டேன். ஏறலேன்னா சாவி என் கையில."

"மேடா! இதுக்கா! ஒரு யானையை ஏத்து, ஏறிக் காட்டுறேன்!"

"யானை எதுக்கு? அம்மாவுக்குக் கொஞ்சம் சாமான் இருக்கு."

கொஞ்சம் சாமான் என்பது குண்டு குண்டாக நாலு சாக்கு. பெண்டாட்டி சுமக்கலாமா என்று அத்தனையையும் அவரே முக்கி முனகித் தூக்கிக் காரின் பின்பக்கம் அடுக்கினார். "நீங்க முன்னால தாராளமா உக்காருங்க," என்று லெயோகாதியும் சாக்குகளோடு பின்னால் ஒடுங்கிக்கொண்டாள். என்ன அடக்கம், என்ன மரியாதை! அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

கார் பறந்தது. வளைவுகளில் வெண்ணெயாய் வழுக்கியது. ஃபுல்ஜான்ஸ் பாடினார், விசில் அடித்தார், மாடுகளுக்கெல்லாம் ஹாரன் அடித்து வணக்கம் சொன்னார். அப்புறம் மேடு வந்தது. இலையுதிர்காலம். ராத்திரி மழை வேறு. பாதை முழுக்க ஈர இலைகள்.

பாதி மேட்டில் முன்சக்கரங்கள் விர்ரென்று சுற்றின. கார் நகரவில்லை. அவர் மிதித்தார். இலை பறந்தது, சேறு பறந்தது, கார் மட்டும் அதே இடத்தில் நின்றது.

குதிரைவண்டியோடு மேலேயிருந்து இறங்கிவந்த பாஸ்தியான் என்ற விவசாயிக்கு வாயெல்லாம் பல். "என்ன முதலாளி, என் குதிரையை அவுத்துக் கட்டட்டுமா? இதுவும் முன்னாலேர்ந்துதான் இழுக்கும்!"

"வேண்டாம்!" ஃபுல்ஜான்ஸ் அலறினார். குதிரை இழுத்துக்கொண்டு போனால் நாளைக்குக் கடையில் எந்த முகத்தோடு தொப்பி விற்பது?

"சாக்கை இறக்கிடலாம், லெயோ."

"அம்மாவுக்குக் கொண்டுபோறதை நடுரோட்டுலயா? ஏறலைன்னு ஒத்துக்கங்க. சாவியைக் குடுங்க. நான் ஏத்துறேன்."

"எப்படி?"

"பின்பாரம் ஜாஸ்தியானா குதிரைக்குக் கால் தரையில பாவாது. முன்பாரம் வைக்கணும். உங்களுக்கு நல்ல கனம். பானெட்டு மேல ஏறுங்க."

வேறு வழி? ஃபுல்ஜான்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டு ஏறினார். இரண்டு விளக்குகளையும் கட்டிப்பிடித்துக் குப்புறப் படுத்தார். லெயோகாதி பதமாக மிதித்தாள். சக்கரம் பிடித்தது. கார் கம்பீரமாக மேலே ஏறியது. சரியாக அந்த நேரம் ஞாயிறு பூசை முடிந்து ஊரே கோயில் வாசலில் நின்றது. அவரிடம் தொப்பி வாங்கியவர்கள் எல்லாரும் அந்தத் தொப்பியைக் கழற்றி அவருக்கு மரியாதை செய்தார்கள். கைதட்டினார்கள். லெயோகாதி ஆசை தீர ஹாரன் அடித்தாள்.

வீட்டு வாசலில் மதாம் கூப்பில் என்கிற மாமியார் சாக்கைப் பிரித்துப் பார்த்து முழித்தாள்.

"ஏண்டி, இது நம்ம தோட்டத்து உருளைக்கிழங்கில்ல? போன வாரம் நான் அனுப்பினதையே எதுக்குடி திருப்பிச் சுமந்துட்டு வந்திருக்கே?"

பானெட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஃபுல்ஜான்ஸ் பாதியில் நின்றார். எல்லாம் புரிந்தது.

"சும்மாதாம்மா," என்றாள் லெயோகாதி, சாவியைப் பைக்குள் போட்டபடி.

"அப்ப போறப்போ மறுபடியும் பின்னால ஏத்திவிடவா?"

"வேண்டாம்மா. போறப்போ பின்னால இவர் இருக்கார்."