பத்து மணி வெயில்

இனி காலை பத்து மணிக்கு என்னை யாரும் எந்த வேலைக்கும் கூப்பிட முடியாது. டாக்டரம்மாவே சொல்லிவிட்டார்.

எலும்பெல்லாம் முனகுகிறதே என்று போனேன். என் ரத்தத்தில் வைட்டமின் டி, எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருகிற மாதிரிதான் இருக்கிறதாம்.

"மாத்திரை தர்றேன். தினமும் பத்து மணி வாக்குல செத்த நேரம் வெயில்ல இருங்க, ஜெரோம். கை கால்ல வெயில் படணும். அதுக்காக உச்சி வெயில்ல நின்னு தோலைக் கருக்கிக்காதீங்க."

வேடசந்தூர் மில்லில் நான் மதிய ஷிப்ட் மேஸ்திரி. சூரியனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் பத்து மணிக்குத்தான் என் மனைவி ஷைனி துவைத்து முடித்து, ஈரத் துணி பக்கெட்டைத் தூக்க ஆள் தேடுவாள்.

"ஏங்க, தோள்பட்டை வலிக்குது. இதைக் கொஞ்சம் தூக்குங்களேன்."

"பத்து மணியாச்சு. வெயில்."

"வெயில்ல பக்கெட் தூக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களா?"

"தூக்கணும்னு சொல்லலையே!"

பக்கெட்டோடு அவள் எங்கே போகிறாள் என்று பார்த்ததில்லை. எனக்கு மடித்த துணிதான் பழக்கம். தலையணையோடு மாடிப்படி ஏறுவேன். சாத்திய மொட்டை மாடிக் கதவில் சாய்ந்து, நிழலில் ஒரு குட்டித் தூக்கம். இறங்கி வந்து, "அப்பப்பா, என்னா வெயிலு!" என்பேன். ஷைனி மோர் தருவாள்.

ஒருநாள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"வலி குறைஞ்சுச்சா?"

"எங்கே! ராத்திரியெல்லாம் குடையுது."

"வெயில்ல எங்க உட்கார்றீங்க?"

"நம்ம மாடியில, நட்ட நடுவுல. கண்ணே கூசுது."

பூண்டைக் கீழே வைத்தாள்.

"பக்கத்துல நாலு மாடி எழும்பினதுல இருந்து, மத்தியானம் வரைக்கும் நம்ம மாடியில பொட்டு வெயில் கிடையாது. அன்னையிலேர்ந்து எதிர்வீட்டு சனாவுல்லா பாய் மாடியிலதான் நம்ம துணி காயுது. உங்க சட்டையும் சேர்த்துத்தான்."

"அப்ப... கண்ணு கூசுனது?"

"தூங்கி எந்திரிச்சா கூசத்தான் செய்யும். ராத்திரி நீங்க முனகுறப்ப நான்ல தூங்காம பயந்து கெடக்கேன்!"

மறுநாள் பத்து மணிக்கு பக்கெட் என் கையில் இருந்தது.

"வாங்க ஜெரோம் சார்!" சனாவுல்லா பாய் வாசலிலேயே வரவேற்றார். "அம்புட்டும் உங்க வீட்டுத் துணியா? உதறிக் காயப் போடுங்க சார், சுருக்கம் விழுந்துரும்."

அடுத்த நாள் உச்சிவரை இழுத்தடித்தேன். "இப்பப் போனா தோல் கருகிரும், ஷைனி. டாக்டரம்மா சொன்னது."

"அதுவும் சரிதாங்க," என்றாள். அதற்கு மறுநாள் ஒன்பதரைக்கே துவைத்து முடித்துவிட்டாள்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். கொஞ்ச நாளில் வலி போய்விட்டது. ஷைனியும் நிம்மதியாகத் தூங்கினாள். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "நல்லா ஏறிருச்சே!" என்றார். ஷைனியை வெற்றிப் பார்வை பார்த்தேன். வைத்தியம் முடிந்தது. இனி வெயிலும் இல்லை, பக்கெட்டும் இல்லை.

"டாக்டரம்மா," என்றாள் ஷைனி, "மறுபடி குறையாம இருக்க இவரு என்ன செய்யணும்?"

"இப்பச் செய்யுறதையே விடாமச் செய்யட்டும்."

திரும்பும்போது நாகல் நகரில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். கடையில் இருந்ததிலேயே பெரிய பக்கெட்டாகப் பார்த்து எடுத்தாள்.