நரி முகத்தில் முழிக்க வந்தவர்கள்

“கண்ணைத் திறந்துறாதீங்க சார்! நரி இன்னும் வரல.”

சென்னையிலிருந்து வந்திருந்த அரவிந்த்குமாரையும் அவர் மனைவி பிரகதீஸ்வரியையும் விடியுமுன் எழுப்பி, கண்ணில் துண்டைக் கட்டி, வீட்டுக்குப் பின்னாலிருந்த பாறையடிக்குக் கைப்பிடித்துக் கூட்டிவந்திருந்தார் சூசைராஜ். நார்த்தாமலையில் அவர் வாடகைக்கு விடும் இரண்டு அறைகளின் பெருமையே இதுதான்: விடிந்ததும் முதல் பார்வை, நரி முகம். அரவிந்த்குமாருக்குத் திங்கட்கிழமை விசா இன்டர்வியூ. அதற்காகவே வந்திருந்தார். நடுவில் சுவரைப் பார்த்தால்கூட அதிர்ஷ்டம் கெட்டுவிடுமாம்.

நரி வந்தே ஆக வேண்டும். சூசைராஜின் மனைவி சந்தனமேரி அப்படி உத்தரவு போட்டிருந்தாள்.

“மாசம் ரெண்டு கோழி போகுது. வர்றவங்களுக்கு மூஞ்சியக் காட்டுனா தின்னுட்டுப் போகட்டும், பொழப்பு ஓடுதேன்னு பொறுத்துக்கிறேன். இன்னைக்கு ஒருத்தராச்சும் பாக்கலேன்னா நாளைக்கே கம்பி வேலி. ரூமுக்கும் பூட்டு.”

சூசைராஜ் கறிக்கடைக் கழிவைப் பாறையடியில் கொட்டினார். நரி வரவில்லை. தெருநாய்கள் ஏழு குரைத்துக்கொண்டு வந்தன.

“நரிதானே கத்துது?” அரவிந்த்குமார் பரவசமானார்.

“அதுக்கு முன்னாடி வர்ற கூட்டம் சார்.”

நாய்களை விரட்டச் சூசைராஜ் கல்லெறிந்தார். கல் நேராகக் கோழிக்கூண்டுக் கொண்டியில் பட்டது. கதவு திறந்து கோழிகள் பறந்தன. நாய்கள் கோழிகளைத் துரத்த, சூசைராஜ் நாய்களைத் துரத்தினார். கேட்கவா வேண்டும், சந்தனமேரி விளக்குமாறோடு வந்துவிட்டாள்.

“ஏங்க, நரிக்குப் பத்தாதுன்னு நாய்க்கும் பந்தியா?”

அரவிந்த்குமார் பதறித் துண்டை அவிழ்த்தார். முதலில் கண்ணில் பட்டது விளக்குமாறு. அடுத்தது சந்தனமேரியின் முகம். ஐயோ பாவம்!

சூசைராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “போச்சு! சாரோட விசாவும் போச்சு, நம்ம ரூமும் போச்சு.”

“வேலிக்காரருக்குப் போன் போடுறேன்” என்றாள் சந்தனமேரி.

“போடாதீங்கக்கா!” பிரகதீஸ்வரி சிரித்தாள். துண்டு அவள் கழுத்தில் கிடந்தது. “எனக்கு அப்பவே துண்டு நழுவிருச்சு. நான் முழிச்சதே நரி முகத்துலதான். பாறை உச்சியில உக்காந்து அண்ணன் ஓடுறதையே பாத்துக்கிட்டிருந்துச்சு. மெரண்டு ஓடிருமேன்னு நான் மூச்சுக்கூட விடல.”

சந்தனமேரி பாறையை அண்ணாந்து பார்த்தாள். “இப்ப எங்க அது?”

“அங்கிட்டு இறங்கிப் போயிருச்சுக்கா. அது அண்ணன் முகத்துல முழிச்சிருக்கும் போல, வாயில ஒன்னுக்கு ரெண்டு கோழி!”