ஸ்மாலைவிடச் சின்னது

உயிரே போனாலும் அந்த அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலை பல் விளக்கும்போது லேபிள்காரர் முடிவெடுத்தார். அந்த முடிவை மனைவியிடம் சொல்வதில்லை என்று வாய் கொப்பளிக்கும்போது முடிவெடுத்தார். இரண்டாவது முடிவுதான் உறுதியான முடிவு.

ஆயத்த ஆடைக் கம்பெனியில், சட்டைக் கழுத்துக்கு அளவு லேபிள் வைக்கிற பிரிவில் பன்னிரண்டு வருஷமாக அவருக்கு வேலை. அதனால் தெருவே அவரை லேபிள்காரர் என்றுதான் சொல்லும். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எஸ், எம், எல் என்று அளவு சொல்லிவிடுவார். யாரும் கேட்கமாட்டார்கள். ஆனாலும் சொல்லிவிடுவார். சொந்தக்காரர்கள் அவரைக் கண்டால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

அறை என்றால் பெரிய அறை ஒன்றும் இல்லை. தெருப்பக்கம், தனி வாசலோடு, வீட்டுக்கு முளைத்த ஆறாம் விரல் மாதிரி இருக்கும். ஒரு கட்டில் போட்டால் அறை முடிந்துவிடும். கதவை வெளிப்பக்கமாகத்தான் திறக்க முடியும். உள்பக்கம் திறந்தால் கட்டில் சண்டைக்கு வரும். ஆனால் விசிறி நல்ல விசிறி. ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால், மணி ஐந்து ஆகும்வரை லேபிள்காரர் யாருக்கும் கணவர் இல்லை, யாருக்கும் அப்பா இல்லை. கூப்பிட்டால் கேட்காது. கேட்டாலும் கேட்காது.

அந்தத் தூக்கத்துக்குத்தான் முந்தின நாள் மனைவி உலை வைத்தாள்.

"என்னங்க, அந்த ரூம் சும்மாதானே கிடக்கு. வாடகைக்கு விட்டுடலாம். பாப்பாவை ஸ்கூல்ல சேக்கணும்ல."

"சும்மாவா கிடக்கு? நான்ல கிடக்கேன்."

"அதைத்தான் சும்மான்னு சொன்னேன்."

கல்யாணமான ஆறு வருஷத்தில் அவர் வாதத்தில் ஜெயித்தது ஒரே ஒரு தடவை. அன்றைக்கு அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அதனால் இப்போது தலையை நன்றாக ஆட்டினார்.

"தாராளமா விடலாமே. போர்டை நானே எழுதறேன்."

மறுநாள் பல் விளக்கிவிட்டு வந்தால், கூடத்தில் அட்டையும் மார்க்கர் பேனாவும் தயாராக இருந்தன. அவள் பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்க. சின்ன அறை வாடகைக்கு. மூணே வார்த்தை."

"தமிழ்லயா? தமிழ்ல போட்டா எல்லாருக்கும் புரிஞ்சிடும்."

"புரியறதுக்குத்தானே போர்டு?"

"கண்டவனும் வந்து நிப்பான். இங்கிலீஷ்ல போட்டா தரமான ஆளா வருவாங்க."

அவர் மனக்கணக்கு வேறு. சின்னது என்பதற்கு ஆங்கிலத்தில் சொல் பஞ்சமே இல்லை. அத்தனையில், வருகிற ஆளை வாசலோடு திருப்பி அனுப்புகிற சொல் ஒன்று இல்லாமலா போகும்? அது கிடைத்துவிட்டால் போர்டும் தொங்கும், அறையும் தங்கும்.

"சரி, இங்கிலீஷ்லயே எழுதுங்க. ஸ்மால்னு போடுங்க."

"அவசரப்படாத. ஸ்மால் இருக்கு, லிட்டில் இருக்கு, டைனி இருக்கு, மினி இருக்கு. எதை எங்க போடணும்னு ஒரு முறை இருக்கு."

"எல்லாம் சின்னதுதானே?"

"சின்னதுலயும் பெருசு, சின்னது உண்டு. ஸ்மால்னா வெறும் அளவு. லிட்டில்னா அளவோட கொஞ்சம் பாசமும் சேரும். டைனின்னா கண்ணுக்குத் தெரியும், கைக்குச் சிக்காது."

"மினி?"

"பெருசா செய்ய வக்கில்லாம சின்னதா செஞ்சது."

"அப்போ நான் எது? ஸ்மாலா, லிட்டிலா?"

லேபிள்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்துத் தொழில் நாக்கு நுனிக்கு வந்து 'எல்' என்று நின்றது. வாயைத் துடைப்பது போல அதை உள்ளே தள்ளினார். நல்ல வேளை, அதே எழுத்தில் தொடங்குகிற இன்னொரு சொல் கைகொடுத்தது.

"எல்... லிட்டில்."

அவள் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

"போர்டுல ஸ்மாலே போடுங்க. ரூமுக்குப் பாசம் எதுக்கு?"

வேறு வழி இல்லை. ஸ்மால் என்றே எழுதி மாட்டினார். அரைமணி நேரத்தில் ஒரு பையன் வந்துவிட்டான். செல்போன் பழுது பார்க்கிற பையன், கையில் பெட்டி.

"ஸ்மால்னு பாத்தேன் சார். அதான் வேணும். பெருசா இருந்தா பெருக்கணும்."

மனைவி அடுப்படியில் இருந்தாள். லேபிள்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, மழை பெஞ்சா ஒழுகும்."

"வாளி வெச்சுக்கறேன் சார்."

"அடுத்த ரூம்ல நான் குறட்டை விடுவேன்."

"நானும் விடுவேன். துணைக்குத் துணை."

"என் வீட்டுக்காரி விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் பாடுவா."

பையன் முதல் தடவையாக யோசித்தான். "எவ்வளவு நேரம்?"

"சுருதி சேர்ற வரைக்கும். இதுவரைக்கும் சேரல."

பையன் போய்விட்டான். மனைவி கையைத் துடைத்தபடி வந்தாள்.

"ஏன் போயிட்டாரு?"

"ஸ்மாலை நம்பி வந்தாராம். இது ஸ்மாலைவிடச் சின்னதா இருக்காம். ஏமாத்தறீங்களான்னு கேக்கறாரு. நாம நேர்மையா வேற வார்த்தை போட்டுடணும்."

"போடலாம். நான் பாடறதையும் கீழ ஒரு வரி எழுதிடுங்க."

லேபிள்காரர் அவசரமாக அலமாரிப் பக்கம் போனார். பள்ளியில் படித்த காலத்து ஆங்கில அகராதி அடித்தட்டில் கிடந்தது. தட்டியதும் தூசி எழுந்து, அவர் நான்கு தும்மல் போட்டு, ஐந்தாவது தும்மலில் புதையல் கிடைத்தது. எம், ஐ, என், யூ, டி, ஈ. சொல்லும்போது மைன்யூட். பொருள், மிக மிகச் சிறிய. தெரியாதவன் ஏதோ என்று நினைத்துப் போய்விடுவான். தெரிந்தவன் எறும்புப் பொந்து என்று நினைத்துப் போய்விடுவான். போனால் சரி.

"இது என்ன வார்த்தைங்க?"

"மைன்யூட். ரொம்ப ரொம்பச் சின்னது. தூசி, கிருமி, அந்த மாதிரி."

"கிருமிக்கா வாடகைக்கு விடறோம்?"

"நேர்மைம்மா, நேர்மை."

அவள் அட்டையை வாங்கி எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். உதடு அசைந்தது. பிறகு கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தாள். "மாட்டுங்க," என்றாள்.

இத்தனை சுலபமாக ஒத்துக்கொள்கிற பெண்ணைப் பார்த்து ஒரு கணவன் பயப்பட்டிருக்க வேண்டும். லேபிள்காரருக்குப் பசி. மாட்டினார், சாப்பிட்டார், அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார், விசிறியைத் தட்டினார். தூக்கம் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தபோது கதவு தட்டப்பட்டது.

கட்டிலில் உட்கார்ந்தபடியே திறந்தார். கழுத்தில் டை, தோளில் பை. வீடு வீடாகப் போய்ச் சாமான் விற்கிறவர்.

"சார், ஒரு பத்து நிமிஷம் கிடைக்குமா?"

"எனக்கு எதுவும் வேண்டாம்."

"விக்க வரல சார். படுக்க வந்தேன். காலையிலருந்து சிரிச்சுச் சிரிச்சு தாடை வலிக்குது."

"இது வாடகைக்கு விடற ரூம்யா."

"அதான் சார், மினிட் ரூம். நிமிஷக் கணக்குல வாடகை. எங்கயும் இல்லாத யோசனை. யாருக்கு சார் தோணுச்சு?"

"எனக்குத்தான்," என்று டைக்காரருக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. "உள்ள வாங்க. செருப்பை வெளிய விடுங்க. என்னங்க, கொஞ்சம் எந்திரிச்சு வழி விடுங்க."

அவளை இழுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

"அது மினிட் இல்லம்மா, மைன்யூட்."

"கடிகாரத்து மினிட்டுக்கு என்ன எழுத்து?"

"அதே எழுத்துதான். அர்த்தம் வேற."

"வேற அர்த்தம் வேணும்னா வேற எழுத்துல்ல போட்டிருக்கணும்?"

"அது இங்கிலீஷ்காரன் தப்பு."

"அப்ப அவன் வந்தா சொல்லிக்கலாம். இவரு பாவம், படுக்கட்டும்."

வாசலுக்கு நேர் எதிரே பஸ் நிற்கிற இடம். வெயிலில் ஒரு பெண் வீரிட்டழும் கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். பசிக்கிற குழந்தையோடு தெருவில் நின்று, மறைவுக்கு இடம் தேடித் தவித்தவர்களுக்குத்தான் அந்த நிற்பு புரியும். லேபிள்காரர் மனைவிக்குப் புரிந்தது. டைக்காரர் பத்து நிமிஷத்தில் எழுந்து புதுச் சிரிப்போடு கிளம்பியதும், அவளே குறுக்கே போய்க் கூட்டிவந்தாள். இதற்குக் காசு வேண்டாம் என்றாள். ஆனால் அந்தப் பெண் போகிற வழியெல்லாம் அறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள்.

அடுத்து எதிர்வீட்டு டீச்சரம்மா வந்தார். "இருபது நிமிஷம் குடும்மா. வீட்ல விருந்தாளி. வாயை மூடிக்கிட்டு எங்கயாவது உக்காரணும்." அவருக்கு ஆங்கிலம் தெரியும் என்று லேபிள்காரர் ஓடினார்.

"டீச்சர், அந்தப் போர்டுல இருக்கறது மைன்யூட்தானே?"

"அப்படியும் படிக்கலாம். ஆனா எனக்கு இப்ப வேண்டியது மினிட்," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு வாரத்தில் அந்த அறை ஊர் வாயில் விழுந்துவிட்டது. மேலாளரிடம் லீவு கேட்கப் பழகிப் பார்க்கிறவர், மாமியாரைப் போனில் திட்ட இடம் தேடுகிறவர், சும்மா கூரையைப் பார்க்கிறவர் என்று ஆள் மாற்றி ஆள். மனைவி வாசலில் நாற்காலி போட்டு, மடியில் அலாரக் கடிகாரம் வைத்து, பாப்பாவின் சிலேட்டில் வரிசை எழுதினாள். லேபிள்காரர் ஒரு நாள் போர்டைக் கழற்றப் போனார். வரிசையில் நின்ற நான்கு பேர் கைதட்டி, யோசனைக்காரர் இவர்தான் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். கழற்றப் போனவர் போர்டை நேராக்கிவிட்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு வந்தது. சாப்பிட்ட மயக்கத்தில் அவர் சிலேட்டைப் பார்த்தார்.

"எனக்கு எப்ப?"

"மூணே கால்லருந்து பத்து நிமிஷம் உங்களுக்கு. சொந்தக்காரங்கன்னு சேத்திருக்கேன்."

மூன்றே கால்வரை கூடத்தில் உட்கார்ந்து தூக்கத்தைத் தட்டித் தட்டிப் பிடித்து வைத்தார். உள்ளே போனார். விசிறி போட்டார். தலையணையைத் திருப்பினார், போர்வையை உதறினார், ஜன்னல் ஓரம் கொசு ஒன்றைத் துரத்தினார், படுத்தார். கண் சொருகியது. கதவு தட்டப்பட்டது.

"டைம் முடிஞ்சுது."

"நான் இன்னும் கண்ணையே மூடல."

"ஃபேன் போட்டதுலருந்து கணக்கு. எந்திரிங்க, அடுத்த ஆள் நிக்குது."

கதவைத் திறந்தார். அடுத்த ஆள் நான்கு வயது. ஒரு கையில் தலையணை, ஒரு கையில் பொம்மை. அப்பாவை ஒதுக்கிவிட்டுக் கட்டிலில் ஏறி, நடுவில் படுத்துக்கொண்டது.

"பாப்பாவுக்கு எத்தனை நிமிஷம்?"

"அஞ்சு மணி வரைக்கும்."

"அது எப்படி? நிமிஷக் கணக்குன்னுதானே சொன்னே?"

அவள் விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். பாப்பாவுக்குப் போர்த்திவிட்டாள். அவரை வெளியே விட்டுக் கதவை மெல்லச் சாத்தினாள். பிறகு, உச்சரிப்பில் ஒரு இம்மியும் பிசகாமல் சொன்னாள்:

"போர்டுல நீங்கதானே எழுதினீங்க, மைன்யூட்னு. ரொம்ப ரொம்பச் சின்ன ஆளுக்குத்தான் ரூமு."