ஏழு மணல்மேடுகளும் ஒரு மாமியாரும்

பாலைவனத்துக்கும் வரலாறு உண்டு என்று உலகுக்கு அறிவித்த பெருமை, தார் மணலின் நடுவே குளிர்சாதன வசதியோடு நிமிர்ந்து நிற்கும் எங்கள் 'மரு பூமி நினைவக'த்தையே சேரும். அதற்கு முன்பு இங்கே மக்கள் சும்மா வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

நான் அதன் துணைக் காப்பாளர். பெயர் கேவல்ராம். எங்கள் பக்கத்தில் அதற்கு 'ராமன் ஒருவனே' என்று பொருள். வேறு மொழிக்காரர்கள் வேறு பொருள் கொண்டால் நிர்வாகம் பொறுப்பல்ல.

பழைய புகைப்படங்களும் வாய்மொழி வரலாறும் நினைவகத்தின் இரு கண்கள். மூன்றாவது கண்ணும் உண்டு. கட்டடம் கட்டப் பணம் கொடுத்த சூரிய மின்சாரக் கம்பெனி அது. மூன்றாவது கண் திறந்தால் என்ன ஆகும் என்பது பக்தர்களுக்குத் தெரியும்.

எங்கள் பொக்கிஷங்களில் தலையாயது, அந்தக் காலத்து வெள்ளைக்கார உப்பு அதிகாரி ஒருவர் எடுத்த படம். பரந்த மணல், ஓரத்தில் ஒரு வன்னிமரம், நடுவில் ஏழு சிறு மேடுகள். ஜெய்ப்பூரிலிருந்து வந்த எங்கள் இயக்குநர் டாக்டர் பண்டாரி அதை ஆழ்ந்து ஆராய்ந்து தலைப்புச் சூட்டினார்: 'ஏழு மணல்மேடுகள். ஆளில்லாத் தரிசு.'

இந்தத் தலைப்பைப் படித்துக் கம்பெனி உருகிப்போனது. கண்ணாடித் தகடு பரப்ப அது கேட்டிருந்ததும் அதே இடத்தைத்தான். தோலாசர் கிராமத்தின் 'ஓரண்' அது. சாமிக்கென்று விட்ட மேய்ச்சல் காடு. அங்கே கோடரியோடு யாரும் நுழைவதில்லை. நில விசாரணையில் எங்கள் படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். ஆளே இல்லாத இடத்துக்கு ஆட்சேபம் எங்கிருந்து வரும் என்று விசாரணை அதிகாரி வியந்தார்.

ஆட்சேபம் மறுநாளே நினைவகத்துக்கு நடந்து வந்தது. பெயர் அண்சி பாயி. ஒட்டகம் மேய்க்கும் ரைகா குலம், என் அப்பாவின் ஊர், ஆகவே எனக்கு அத்தை. அவளுடைய ஒட்டகங்களுக்கு அந்த ஓரணின் கிணற்றைவிட்டால் வேறு தண்ணீர் கிடையாது.

"ஏண்டா கேவலா, இது எந்த எடம்னு தெரியுதா?"

"ஆளில்லாத் தரிசு, அத்தை."

"உன் மூஞ்சிதான் தரிசு. நல்லாப் பாருடா. அந்த ரெண்டாவது மேடு என் மாமியாரு!"

எங்கள் பெண்கள் அந்நிய ஆணைக் கண்டால் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, முக்காட்டைத் தரைவரை இழுத்து மூடிக்கொள்வார்கள். தண்ணீர் எடுக்கப் போன ஏழு பேரும், உப்பு அதிகாரி கேமராவைத் தூக்கியதும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் முக்காடும் மணலும் ஒரே நிறம்.

"வெள்ளக்காரன் போறவரைக்கும் முக்காட்டுக்குள்ள சிரிச்சுக்கிட்டு இருந்தாங்களாம். சாவுற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் அந்தக் கெழவி."

அவசரக் கூட்டம் கூடியது. பிஸ்தா பர்பி பரிமாறப்பட்டது.

"மேட்டுக்குப் பக்கத்துல கொடம் இருக்கே சாகிப்?" என்றாள் அத்தை.

"மண்ணு இருக்குற எடத்துல மண்கொடம் இருக்கறது இயற்கைதானேம்மா," என்றார் இயக்குநர்.

"மேட்டுக்குக் கால் தெரியுதே. தண்டை போட்ட காலு."

"அது கால் இல்ல. படத்துல விழுந்த கீறல்."

"கீறலுக்கு அஞ்சு வெரலா?"

இயக்குநர் பெருந்தன்மையானவர். "நீங்க சொல்றத எல்லாம் நாங்க பதிவு பண்ணிடறோம்மா," என்றார்.

முக்காட்டுக்குள்ளிருந்து அத்தை சந்தோஷமாகத் தலையாட்டினாள். எங்கள் ஊரில் 'பதிவு' என்றால் ஒரே அர்த்தம்தான்: நிலம் கைக்கு வந்தது. வெள்ளி நகையெல்லாம் பூட்டிக்கொண்டு வந்து, மைக் முன்னால் மதியம் முழுக்கப் பேசினாள். கிணறு வெட்டியவர் யார், எந்த மருமகள் வன்னிமரத்தடியில் பிள்ளை பெற்றாள், பஞ்சத்தில் எந்த ஒட்டகம் எங்கே விழுந்தது என்று ஒன்று விடவில்லை. முடித்ததும் கட்டைவிரலை நீட்டினாள்.

"ரேகை எங்க வைக்கணும்?"

"அதெல்லாம் வேண்டாம்மா."

"சரி, விசாரணையில இத எப்பப் போட்டுக் காட்டுவீங்க?"

இயக்குநர் விதியை விளக்கினார். பேசியவரின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக, அவர் காலமாகும்வரை ஒலிப்பதிவு முத்திரையிட்டு வைக்கப்படும். "உசுரோட இருக்கறவரைக்கும் அது வாய். மூடினப்புறம்தான் வாய்மொழி வரலாறு."

"அப்ப நான் செத்தாத்தான், நான் இங்க இருந்தேன்னு ஒத்துக்குவீங்களா?"

"ரொம்பச் சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க," என்று கைகொடுத்தார் இயக்குநர்.

ஆனாலும் மக்கள் குரலுக்கு நாங்கள் செவிசாய்க்காமல் இல்லை. தலைப்பு ஒருமனதாக விரிவாக்கப்பட்டது: 'ஏழு மணல்மேடுகள் (செவிவழிச் செய்தியின்படி, இவற்றில் ஒன்று மாமியார்). ஆளில்லாத் தரிசு.' செவிவழி மாமியார் ஆட்சேபம் தெரிவிக்க முடியாது என்று விசாரணை முடிந்தது. வேலி வந்தது. வன்னி விழுந்தது. கிணறு தூர்ந்தது. அத்தை ஒட்டகங்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள். அன்று நான் கம்பு ரொட்டியைத் தொடாமலே எழுந்துவிட்டேன். குளிர்சாதனக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலும்.

பிறகு 'அன்றும் இன்றும்' கண்காட்சிக்காக, அதே இடத்தில் புதுப்படம் எடுக்கப் போனோம். கேமரா முன்னால் அண்சி அத்தை வந்து நின்றாள். உட்காரவில்லை, முதுகைக் காட்டவில்லை. முக்காட்டைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அத்தனை ஆண்களுக்கு எதிரில் முகத்தைக் காட்டினாள். எங்கள் ஊரில் எந்தக் கிழவியும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"எடுடா! இப்பவாவது ஆளு தெரியுதா, இல்ல இதுவும் மேடா?"

"பாட்டி, கொஞ்சம் நகருங்க. படத்துல ஆள் விழுது," என்றார் புகைப்படக்காரர். காவலாளிகள் அவளை நகர்த்தினார்கள்.

படம் அற்புதமாக வந்திருக்கிறது. கண்ணுக்கு எட்டியவரை கண்ணாடி, ஒரு மேடுகூட இல்லை. படமும் தலைப்பும் பொருந்தவில்லை என்பதுதானே அத்தையின் புகார்? எங்கள் நினைவகம் பிழையைப் பொறுத்துக்கொள்ளாது. 'ஆளில்லாத் தரிசு' என்ற தலைப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஊரைத்தான் திருத்தினோம்.